ஆலம்பரையில் கரையேறிய கைபர் சார்

இந்தத் துணைக்கண்டத்துக்குள் யார் எப்போது நுழைந்திருந்தாலும், எங்கள் கைபர் சாரிடம் சொல்லிவிட்டுத்தான் நுழைந்திருக்க வேண்டும். செங்கல்பட்டில் நான் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்த பள்ளியில் அவர் வரலாறு நடத்தினார். வாயைத் திறந்தால் கைபர் கணவாய் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். ஆசிரியர்களும் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வோம்.

நான் சேர்ந்த அன்றே பிடித்துக்கொண்டார்.

"எந்த ஊரு சார்?"

"அச்சரப்பாக்கம்."

"அது இப்ப. அதுக்கு முன்னாடி?"

"அப்பாவும் அச்சரப்பாக்கந்தான் சார்."

"அதுக்கும் முன்னாடி?"

என்னை மத்திய ஆசியா வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் டீ குடித்தார். சமோசா வந்தால் அது எந்த நாட்டிலிருந்து யாரோடு வந்தது என்று ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டார். மதுராந்தகம் வழியாக என்றார்கள். இவர் நம்பவில்லை.

போன வருஷம் ஆசிரியர்கள் எல்லாரும் வேன் பிடித்துக் கடப்பாக்கம் போனோம். அங்கே ஆலம்பரைக் கோட்டை கடலோரமாக இடிந்து கிடக்கிறது. மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய கோட்டை. கைபர் சாருக்கு வேறென்ன வேண்டும்?

"கப்பல்ல வந்தவன் கண்ணுக்கு இது எப்படித் தெரிஞ்சிருக்கும்னு பாக்க வேணாமா?" என்று பேண்ட்டை மடித்துக்கொண்டு கழிமுகத்தில் இறங்கி, நடுவில் இருந்த மணல்திட்டை நோக்கி நடந்தார். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நாங்கள் புளிசாதத்தைப் பிரித்தோம்.

கை கழுவ வந்தபோது தண்ணீர் ஏறியிருந்தது. திட்டைக் காணோம். அவரையும் காணோம். அவருக்கு நீச்சல் தெரியாது. தலைமையாசிரியை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கைபர் சாருடைய நிஜப் பெயர் வாயில் வரவில்லை. "கைபர் சார், கைபர் சார்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கரையோரம் ஓடினேன்.

இடிந்த மதிலைச் சுற்றிக்கொண்டு ஒரு ஃபைபர் படகு வந்தது. வலைக்குவியலுக்கு நடுவில், சொட்டச் சொட்ட, கைபர் சார்.

படகோட்டி இறக்கிவிட்டுச் சொன்னார்: "மதிலுக்கு அந்தாண்ட மாரளவு தண்ணில நின்னுகினு கோட்டையவே பாத்துகினு கீறாரு சார். யாரு, எங்கேர்ந்து வர்றன்னு கேட்டேன். அதெல்லாம் அப்புறம் சொல்றேன், மொதல்ல ஏத்துப்பான்றாரு."

தலைமையாசிரியை அழுதுகொண்டே சிரித்தார். கைபர் சார் படகோட்டியின் கையை விடவில்லை.

"உங்க ஆளுங்க இந்தக் கரைக்கு எப்பப்பா வந்தீங்க?"

"காலைல போயிட்டு இப்பத்தான் சார் வர்றோம்."

திரும்பும்போது வேனில் ஈரத்தலையோடு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அவர் வீட்டு வாசல் வந்தும் எழுப்ப மனம் வரவில்லை. இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று டிரைவரிடம் மெல்லச் சொன்னேன்.