ஒன்பதாவது கார்டு

எட்டு கார்டுகள் தெரிய வேண்டிய திரையில் ஒன்பது தெரிந்தன. பிரென்டன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினான். ஒன்பதேதான். கடைசிக் கார்டின்மேல் சிவப்புக் கேள்விக்குறி வேறு.

இறைச்சி அடைத்த 'மீட் பை' பலகாரம் சுடும் வாங்கரட்டா ஆலையின் பெரிய அடுப்பு காலை ஏழு மணிக்கு நின்றுபோயிருந்தது. மறுநாள் கால்பந்து இறுதிப்போட்டி; பார்க்க வரும் கூட்டத்துக்கு மீட் பை போயாக வேண்டும். பன்னிரண்டுக்குள் அடுப்பு எரியாவிட்டால் பிரென்டனின் வேலையும் அணைந்துவிடும் என்று முதலாளி மெர்வ் சொல்லியிருந்தார். சிரிக்காமல் சொன்னார்.

மின்னணுக் கார்டுகள் செருகிய கன்ட்ரோலர் பெட்டிதான் அடுப்பை ஆட்டிவைப்பது; அதை மடிக்கணினியிலிருந்தே பார்க்கலாம். புது வெர்ஷன் மென்பொருளைத் திறந்து, அது காட்டிய கன்ட்ரோலர் பட்டியலில் முதலில் நின்றதைத் தட்டினான். வந்தது இந்த வினை.

"பெட்டியைத் திறந்து, உள்ள நிஜமா எத்தனை கார்டு இருக்குன்னு எண்ணிப் பாரேன் மாப்ளே," என்றான் அடுப்பு வேலை பார்க்கும் கோலின்.

"இது வெர்ஷன் பிரச்சினைடா. பழசு ஒரு மாதிரி காட்டும், புதுசு வேற மாதிரி காட்டும். உனக்குப் புரியாது."

"எனக்கு எண்ணத் தெரியும்."

பிரென்டன் அதைக் காதில் வாங்கவில்லை. ஒன்பதாவதை அழித்துவிட்டு, எட்டு கார்டுப் பட்டியலை கன்ட்ரோலருக்கு அனுப்பினான். எட்டும் சிவப்பாகின. ஆபீஸில் போன் அடித்தது.

பழைய வெர்ஷனில் திறந்தான். 'இது புது வெர்ஷனில் சேமித்த கோப்பு' என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பத்து வருடத்துக்கு முந்தைய நகல் ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பினான். கார்டுகளே காணாமல் போயின. மறுபடி போன் அடித்தது.

"அந்தப் போனை யாராவது எடுத்துத் தொலைங்களேன்!"

மெர்வ் வந்து நின்றார். "எப்படிப் போகுது?"

"கிட்ட வந்துட்டேன், மெர்வ்."

"பதினொன்றரை ஆச்சு. நல்லவேளை, போன மாசம் நம்மளோட ஒரே நெட்வொர்க்குல கோத்தோமே, அந்த ஷெப்பர்ட்டன் ஆலை இருக்கு. அங்க அடுப்பு பதினாறு வருஷமா ஒரு நாள் நின்னதில்ல. மொத்தத்தையும் அவங்களே சுட்டுக் குடுத்துடுவாங்க. நீ மட்டும் வீட்டுக்குப் போகலாம்."

பிரென்டன் மடிக்கணினியைக் கிட்டே இழுத்துக்கொண்டான். கடைசி வழி ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு கன்ட்ரோலரை முழுக்க அழித்தான். திரை வெள்ளையானது. போன் அடித்தது.

இந்த முறை வரவேற்பறை நொயலீன் நேரிலேயே வந்துவிட்டாள்.

"ஷெப்பர்ட்டன்லேருந்து மூணாவது தடவை கூப்பிட்டுட்டாங்க. காலையிலேருந்து அங்க அடுப்பு தானா தானா அணைஞ்சு, இப்போ செத்தே போச்சாம். கவலைப்படாதீங்க, எங்க பிரென்டனை அனுப்புறேன்னு சொல்லியிருக்கேன்."