பழுது குறையாமல் பார்த்துக்கொள்ளவும்

ஒரு பொருளைப் பழுதாக்க யாராலும் முடியும். பழுதான பொருளைப் பழுது குறையாமல் ஆண்டுக்கணக்கில் கட்டிக்காப்பதற்குத்தான் நிர்வாகம் என்று பெயர். அந்தக் கலையில் நம் ஒருங்கிணைப்பாளரை மிஞ்ச இன்னும் ஆள் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் அவரிடம்தான் பயிற்சிக்கு வர வேண்டும்.

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய பயிற்சி மையம். பழைய லேப்டாப்களை வைத்துப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளமும் பழுதுபார்ப்பும் சொல்லிக்கொடுப்பது திட்டம். பெரிய அலுவலகங்கள் தூக்கிப்போட்ட பன்னிரண்டு லேப்டாப்கள் ஓர் இரும்பு பீரோவுக்குள் நிம்மதியாகத் தூங்கின. ஆண்டுதோறும் புது அணி சேரும்போது அவற்றை எழுப்பி வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒரு பிள்ளையைச் சோகமாக நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். படத்தைப் பார்த்துத் தலைமை அலுவலகம் உருகும். உருகினால் திட்டம் இன்னோர் ஆண்டுக்கு நீளும்.

முந்தைய பயிற்சியாளர் ஒரு மேதை. நான்கு ஆண்டுகள் சுவரில் படம் காட்டியே பழுதுபார்ப்பைப் போதித்தவர். ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர் விரல் தீண்டியதில்லை. அவர் விடைபெற்ற நாளில் பன்னிரண்டு லேப்டாப்களும் வந்தபோது இருந்த அதே பழுதோடு, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. கேடயம் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்து வந்தவரால்தான் எல்லாம் கெட்டது. செல்போன் கடையில் வருடக்கணக்கில் குப்பை கொட்டியவர். பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்க்ரூ அக்கா. முதல் வகுப்பிலேயே ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவரைக் கையில் திணித்துவிட்டார். ஒருங்கிணைப்பாளர் பெருந்தன்மையோடு அதை ஒரு ‘செய்முறை விளக்கம்’ என்று நினைத்துக்கொண்டார். உண்மையிலேயே செய்வார்கள் என்று அவர் கண்டாரா?

பயிற்சி முடிகிற வாரத்தில், ஒரு சாயங்காலம் வகுப்புக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பன்னிரண்டு திரைகளும் எரிந்துகொண்டிருந்தன.

“என்னம்மா இது?”

“எல்லாம் ஓடுது சார்,” என்றார் ஸ்க்ரூ அக்கா, முகம் கொள்ளாத சிரிப்போடு. “பாதிக்கு வெறும் தூசிதான். மெமரியைக் கழட்டி அழிரப்பரால தேய்ச்சு மாட்டினோம். ஒண்ணுக்குள்ள கரப்பான் குடும்பமே இருந்துச்சு, வேற வீடு பாத்துக்கச் சொல்லிட்டோம். மூச்சு வாங்கிட்டுக் கிடந்த மெஷினெல்லாம் லினக்ஸ் போட்டதும் பறக்குது.”

ஒருங்கிணைப்பாளர் ஒரு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். “எல்லாமேவா? ஒண்ணாவது மிச்சம் வைக்கலையா?”

“ஒண்ணுகூட இல்ல சார்.”

“நாளைக்குக் காலையில தலைமை அலுவலகத்துலருந்து இயக்குநர் அம்மா வர்றாங்க, புது அணியைத் தொடங்கி வைக்க. பழுது எங்கன்னு கேட்டா நான் எதைக் காட்டுவேன்?”

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். வாயைத் திறந்தால் கேள்விதான் வரும் என்பதால் அவளைச் ‘சந்தேகம்’ என்றே கூப்பிடுவார்கள்.

“சார், ஒரு சந்தேகம். சரி பண்ணினதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? தம்பி கால் முறிஞ்சு படுத்திருக்கான். பள்ளிக்கூடத்துல பாடத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் அனுப்புறாங்க. பாக்க வழியில்ல. இப்படியே போனா இந்த வருஷம் ஃபெயிலாயிருவான்.”

“ஓடுற லேப்டாப்புக்கு நம்ம திட்டத்துல விதியே இல்லம்மா.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “பழுது இல்லன்னா திட்டம் இல்ல. திட்டம் இல்லன்னா அக்காவுக்கு வேலை இல்ல, எனக்கு இல்ல, அடுத்து வர்ற பிள்ளைங்களுக்கு வகுப்பும் இல்ல. அதனால இன்னிக்கு ஒரு சிறப்பு வகுப்பு. எல்லாத்தையும் பழையபடி ஆக்கிரணும்.”



“பழைய பழுதா சார், புதுப் பழுதா?” என்றாள் சந்தேகம்.

“பழசே போதும்மா. புதுசா எதையும் இழுத்துவிட வேணாம்.”

“அப்போ கரப்பான்களையும் திரும்பக் கூப்பிடணுமா சார்?”

“தூசி வேணும்னா கீழ டயர் கடையில அள்ளிக்கலாம்,” என்றார் ஸ்க்ரூ அக்கா. “ஆனா நான் கை வைக்க மாட்டேன். பழைய சாரைக் கூப்பிடுங்க.”

“அவரு இதையும் சுவத்துல படமாத்தான் காட்டுவாரு,” என்றது ஒரு குரல், பின்வரிசையிலிருந்து.

கடமை என்று வந்துவிட்டால் ஒருங்கிணைப்பாளர் பிறர் கையை எதிர்பார்ப்பவர் அல்லர். தாமே ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முதலில் கைக்கு வந்தது சந்தேகத்தின் லேப்டாப். திரையில், ‘தம்பி, பாடம் இங்கே இருக்கு, இதை அழுத்து’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். கடவுளே என்று சொல்லிக்கொண்டு அதை அணைத்துக் குப்புறப் போட்டார். ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது.

அவள் எழுந்து பக்கத்தில் வந்தாள். அழப் போகிறாள் என்று அவர் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டார். அவளோ டார்ச்சை எரியவிட்டு, அவர் விரல் இருந்த இடத்தில் வெளிச்சம் விழும்படி பிடித்தாள்.

“மெதுவா சார். அது சின்ன ஸ்க்ரூ, ரொம்ப அழுத்தினா தலை தேஞ்சிரும். கழட்டினதை இந்த மூடியில போடுங்க, இல்லன்னா உருண்டு ஓடிரும்.”

“உன்னோடதைத்தானே கழட்டுறேன்?”

“ஆமா சார். நீங்க கையைக் குத்திக்கப் போறீங்களேன்னுதான்.”

அழுகையை எப்படிக் கையாள்வது என்று நிர்வாக விதிகளில் உண்டு. கோபத்துக்கும் உண்டு, மனுவுக்கும் உண்டு. டார்ச் பிடிக்கிற கைக்கு மட்டும் எந்த விதியும் எழுதப்படவில்லை. அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியல,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதால் அது உண்மையும்கூட. “எல்லாத்தையும் மூடி வைங்க. நாளைக்குக் கடவுள் பாத்துப்பார்.”

காலையில் இயக்குநர் அம்மா வந்தார். பழைய அணியும் புது அணியும் இரு பக்கமும் நிற்க, மூடிக் கிடந்த லேப்டாப்களைக் காய்ச்சல்காரர் நெற்றியைத் தொடுவதுபோல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தலைமை அலுவலகத்தார் யாரும் இதுவரை பவர் பட்டனை அழுத்தியதில்லை. அந்த மரபு அன்றும் காப்பாற்றப்பட்டது.

“எல்லாம் பழுதா?”

ஒருங்கிணைப்பாளர் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. அறிக்கைகள் எழுதியிருக்கிறார், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

“எல்லாம் பழுதும்மா,” என்றார்.

அம்மா உரையைத் தொடங்கினார். “உயிரற்றுக் கிடக்கும் இந்தக் கருவிகள்...” என்றபோது, உயிரற்ற கருவிகளில் ஒன்று டிங் என்றது.

“அது என்ன?”

“பழுதும்மா,” என்றார் ஸ்க்ரூ அக்கா சட்டென்று. “தானா சத்தம் போடுது.”

“அய்யோ பாவம். ரொம்ப முத்திப்போச்சா?”

“முத்திருச்சும்மா,” என்றார் ஒருங்கிணைப்பாளர். ஒன்று சொன்னபின் இரண்டாவது சுலபமாக வந்தது. “இனி பழுதுபாக்கக்கூட லாயக்கில்ல. சரி பண்ண முயற்சி பண்ணின பிள்ளைங்களே ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டுப் போயிட்டா, நமக்கும் இடம் காலியாகும்.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. “மின்கழிவு அகற்றல். அதுக்குத் தனித் திட்டமே இருக்கே. புது அணிக்கு நான் நல்ல பழுதா பாத்து அனுப்புறேன்.”

அன்று மாலையே சந்தேகத்தின் வீட்டில் தம்பி கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு விட்டுப்போன பாடங்களைப் படிக்க ஆரம்பித்தான். ஆண்டு முடிவில் தேறியும்விட்டான்.

ஒருங்கிணைப்பாளருக்குச் ‘சிறந்த பழுது மேலாண்மை’ விருது கிடைத்தது. ஆனாலும் அவர் தினமும் தூங்குமுன் அந்தப் பொய்க்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறார். கடவுள் எப்போதோ மன்னித்திருப்பார். இத்தனை ஆண்டுகளில் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லப்பட்டவற்றில், ஒரு பிள்ளைக்காவது பயன்பட்டது அந்தப் பொய் ஒன்றுதானே.