வெட்டுக்கிளியைத் தொடாதீர்

சதுரங்கப் பலகையில் ராணி தலைகீழாக நின்றால், அதை நிமிர்த்தாமல் உங்கள் கை சும்மா இருக்குமா?

சலூனுக்கு வந்த ஒருத்தர் கையும் சும்மா இருக்கவில்லை. காலையிலிருந்து நாலு பேர் நிமிர்த்திவிட்டார்கள்.

"அது ராணி இல்லைங்க, வெட்டுக்கிளி," என்று சலூன்காரர் கத்தரியோடு திரும்பினார். "முன்னாடி ஒரு காய் இருந்தாத்தான் நகரும், அதைத் தாண்டிக் குதிச்சு. அதுக்குன்னு தனியா காய் விக்கறதில்ல. அதான் ராணியைக் கவுத்து வெச்சிருக்கேன்."

"சரிங்க," என்ற தாடிக்காரர், மறுபடியும் நிமிர்த்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சலூன்காரர் இதுவரை அனுப்பிய பதிமூன்று சதுரங்கப் புதிர்களையும் பத்திரிகை திருப்பி அனுப்பியிருந்தது. இது பதினாலாவது. எட்டு மாத உழைப்பு. இன்று மாலைத் தபாலில் போயாக வேண்டும்.

"மாமா, ஒரு போர்டு எழுதி மாட்டிடுங்களேன்," என்றான் இரண்டாவது நாற்காலியைப் பார்த்துக்கொள்ளும் மச்சான்.

'வெட்டுக்கிளியைத் தொடாதீர்' என்று அட்டையில் எழுதினார். மாட்டலாமென்று ஏறினால் ஸ்டூல் ஆடியது. எரிச்சலில், கைக்கு அகப்பட்டதை அதன் காலுக்கடியில் செருகிவிட்டு, ஏறி ஆணி அடித்தார்.

அப்புறம் தெருவில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"வெட்டுக்கிளி எங்கங்க? கடிக்குமா?"

"கடையில பூச்சி வளக்கறாங்க, எழுந்திரிங்க," என்று ஒரு அம்மா, பாதி வெட்டிய தலையோடு தன் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனார்.

"போர்டைக் கழட்டிடவா மாமா?"

"கழட்டாத. என்மேல என்ன தப்பு? வாசல்ல சாக்கடை அடைச்சுக் கெடக்கு, அதைக் கேக்க ஆளில்ல. ராணி தலைகீழா நின்னா மட்டும் ஊருக்கே பொறுப்பு வந்துடுது."

சாயங்காலம், எவனும் நிமிர்த்திவிடக் கூடாதென்று ராணியை இடது கையால் பிடித்துக்கொண்டே, பலகையில் இருந்ததை இருந்தபடி தாளில் வரைந்து, தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை, புகார் வந்ததென்று சுகாதார ஆய்வாளர் வந்தார். டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் தேடினார். சலூன்காரர் பின்னாலேயே குமுறிக்கொண்டு போனார்.

"சார், அது பலகையில இருக்கற காய் சார். முன்னாடி ஒரே ஒரு சிப்பாய். அதைத் தாண்டுச்சுன்னா ராஜா காலி. அந்தச் சிப்பாய் இல்லைன்னா புதிரே இல்ல. இதுக்குப் போய் புகாரா?"

ஆய்வாளர் ஸ்டூலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"பூச்சி எதுவும் இல்லீங்க," என்றார். "ஒரு சிப்பாய்தான் இருக்கு."