பூச்சிக்கு ஒரே வழி

இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தராதவர், பஸ் ஜன்னலைத் திறக்கவும் விடாமல் மூடவும் விடாமல் பாதியில் பிடித்துக்கொண்டு வருபவர் என்று உலகத்தில் பல வகை மனிதர்கள் உண்டு. அவர்களெல்லாம் சாதுக்கள். நான் சொல்ல வந்தது 'ஒரே வழி'க்காரரைப் பற்றி. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். உங்கள் தெருவில் இல்லை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் ஒரு தொல்லையைப் பாதி சொல்வதற்குள் வலது கை மேலே போகும், ஒரு விரல் நீளும், "இதுக்கு ஒரே வழிதான்" என்பார். விக்கலா? ஒரே வழி. மாடு கறக்கவில்லையா? ஒரே வழி. மருமகள் பேசுவதில்லையா, இல்லை, பேச்சை நிறுத்துவதே இல்லையா? இரண்டுக்கும் அதே ஒரே வழி. பெரும்பாலும் அது எதையாவது வெட்டுவதாகவோ இடிப்பதாகவோ இருக்கும். வேறு வழி இல்லையா என்று கேட்டுவிட்டால் போச்சு, நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவார்.

எங்கள் ஆரணித் தணிகாசலம் இதில் முதல் ரகம். எமர்ஜென்சி முடிந்த சமயம். தறிகளுக்கு மேலே டியூப்லைட் வந்த புதிது. அவருடைய மகள் கண்ணகிக்குக் கல்யாணம் பேசி முடிந்து, சந்தனக் கலர் முகூர்த்தப் பட்டு எதிர்வீட்டுத் தேவகியின் தறியில் ஏறியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, போளூர் பூங்காவனத்தம்மாள், கூரைப்புடவையில் புள்ளி இருந்தால் அபசகுனம் என்று முன்பு வந்த ஒரு சம்பந்தத்தையே வேண்டாமென்றவர் என்று கேள்வி. ஆகவே புடவையில் புள்ளி விழக்கூடாது. விழுந்தால் கல்யாணமே சந்தேகம்.

பொழுது சாய்ந்தால் ஆற்றங்கரையிலிருந்து நாலைந்து பூச்சி விளக்குக்கு வரும். ஒன்றிரண்டு தறியில் நீட்டிய பாவு நூலில் விழும். கவனிக்காமல் நெய்தால் நசுங்கிப் பட்டில் கறையாகும். தேவகி விளக்கடியில் வேப்பங்கொத்து கட்டி, எண்ணெய் தடவிய காகிதத்தையும் தொங்கவிட்டிருந்தாள். தப்பி விழுவதை ஊதிவிட்டு நெய்வாள்.

தணிகாசலம் பார்த்தார். விரல் உயர்ந்தது.

"இதுக்கு ஒரே வழிதான் தேவகி. பூச்சி எங்கேருந்து வருது? ஆத்தங்கரை மரத்துலேருந்து. மரத்தையே வெட்டிட்டா?"

"அப்போ பூச்சிங்க எங்கண்ணா போவும்?"

"அது பூச்சியோட கவலை."

மறுநாளே ஆரம்பமாகிவிட்டது. விறகு சும்மா கிடைக்கிறது என்றால் நம் ஜனங்களைக் கேட்கவா வேண்டும்? கமண்டல நாகநதிக் கரையில் நின்ற மருதம், நாவல், புங்கம், தாழம்புதர், நாணல் எல்லாம் தலைச்சுமையாக ஊருக்குள் வந்து சேர்ந்தன. தணிகாசலம் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். பொந்தெல்லாம் வௌவால் குடியிருந்த பெரிய மருதமரத்தையும் விடவில்லை. "வௌவால் பூச்சியைத்தானேங்க துன்னுது?" என்று யாரோ கேட்டார்கள். "அதுவும் ராத்திரில பறக்குதா இல்லையா?" என்றார்.

சங்கதி என்னவென்றால், மரங்கள் நின்றவரை ஆற்றுப் பூச்சிக்கு ஆரணி என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. இருட்டினால் தண்ணீரிலிருந்து எழும்பும், நாணலில் ஒரு சுற்று, நாவலில் ஒரு சுற்று, பெண் பார்ப்பது முதல் பிள்ளை பெறுவது வரை அங்கேயே முடித்துக்கொள்ளும். மிச்சத்தை வௌவால் பார்த்துக்கொள்ளும். வழி தவறிய நாலைந்துதான் ஊருக்குள் வரும். இப்போது இலையும் இல்லை, மறைப்பும் இல்லை, வௌவாலும் இல்லை. ஆற்றிலிருந்து பார்த்தால் நேரே தேவகி வீட்டு டியூப்லைட். பார்த்தன. குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டன.

விட்டில், வண்டு, அந்து, பெயர் தெரியாதது என்று ஓட்டின்மேல் மழையாகக் கொட்டியது. தேவகி வாய் திறந்தால் உள்ளே நாலு போயிற்று. வாயை மூடிக்கொண்டே, "பேஜாரா இருக்குதுண்ணா," என்றாள்.

"வெளிச்சம் பத்தல. அதான் பூச்சிக்குத் தைரியம். இதுக்கு ஒரே வழிதான்," என்று இன்னொரு டியூப்லைட் மாட்டிவிட்டுப் போனார் தணிகாசலம்.

அப்புறம் கேட்பானேன்? முந்தானை நெய்யும்போது ஒரு பச்சை வண்டு நசுங்கியே விட்டது. தேவகிக்கு அழுகை வந்துவிட்டது. இறக்கையை இடுக்கியால் எடுத்தாள். மிளகளவு பச்சைப் புள்ளி மட்டும் போகவில்லை.

புடவை பார்க்கப் போளூர்க்காரர்கள் மாலை பஸ்ஸில் வந்தார்கள். பூங்காவனத்தம்மாள் தணிகாசலம் வீட்டுக் கூடத்து விளக்கடியில் முந்தியை விரித்தார். விரல் அந்த இடத்தில் போய் நின்றது. கண்ணகி தூணைப் பிடித்துக்கொண்டாள். தணிகாசலத்தின் மனைவி ஜெயம் காப்பித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இது இன்னாங்க?"

தணிகாசலம் கண் இமைக்கவில்லை. "புது டிசைனுங்க. வண்டு புட்டா. ஒண்ணே ஒண்ணுதான் வைக்கணும், ராசி."

அப்போது விளக்கிலிருந்து இன்னொரு வண்டு பொத்தென்று புடவையில் விழுந்து, நிமிர்ந்து, கரையோரமாக நடக்க ஆரம்பித்தது.

"உங்க டிசைன் நடந்துகினு போவுதுங்களே," என்றார் பூங்காவனத்தம்மாள்.

அந்த அம்மாள் வண்டைத் தட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த தன் கணவர் அருணாச்சலத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆத்தங்கரை மரத்தயெல்லாம் நீங்களும் வெட்டிட்டீங்களா? போன வருசம் வரைக்கும் நான் புள்ளி பாத்தவதாங்க. இவரு எங்க ஊரு ஏரிக்கரை மரத்த வெட்னதுலேருந்து எங்க ஊட்ல புள்ளியில்லாத புடவையே கெடையாது. பொண்ணு நம்ம ஊட்டுக்கு ஏத்த பொண்ணுதான். தட்ட மாத்துங்க ஜல்தி."

ஜெயத்துக்கு உயிர் வந்தது. கண்ணகி தூணை விட்டாள். அத்தோடு சுபம் என்று முடித்திருக்கலாம். ஆனால் அருணாச்சலம் விளக்கை அண்ணாந்து பார்த்தார். வலது கை மேலே போயிற்று, ஒரு விரல் நீண்டது. அதைப் பார்த்த தணிகாசலத்தின் விரலும் தானாக நீண்டது.

"இதுக்கு ஒரே வழிதான்," என்றார்கள் சம்பந்திகள் இருவரும். இருவர் பார்வையும் வாசல் வேப்பமரத்தின்மேல் போயிற்று. ஜெயம் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதை விளக்கடியில்தானே படிக்கிறீர்கள்? இந்தப் பக்கத்தின்மேல் ஒரு சின்னப் பூச்சி வந்து உட்கார்ந்திருக்குமே. அதை ஊதிவிட்டீர்கள், சரி. ஊதிவிட்டு ஜன்னலுக்கு வெளியே எந்த மரத்தைப் பார்த்தீர்கள்? முதலில் அந்த விரலை மடக்குங்கள்.