இரண்டு கருவாடும் ஒரு கையெழுத்தும்

சமையலறைச் சன்னலைத் திறந்தால் வாடை வெளியேறிவிடும் என்று எர்லிந்தா நம்பினாள். திறந்தாள். வாடை வெளியேறவில்லை, தன் சுற்றத்தாரையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்ததுபோல் இருந்தது.

"ரெமி அக்கா, என் பொழப்பே போச்சு!" என்று கைப்பேசியில் அலறினாள்.

ரெமி அவளுடைய ஊர்க்காரி. ஹாங்காங்கில் அடுத்த தெரு வீடொன்றில் குழந்தை பார்ப்பவள்.

"என்னடி ஆச்சு?"

"கருவாடு வறுத்துட்டேன்."

"அடிப்பாவி! உன் மேடம் வீட்லயா?"

எர்லிந்தா தங்கி வீட்டுவேலை செய்வது, தனியாக வாழும் திருமதி குவோக்கிடம். அவர் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: கருவாடு நுழையக் கூடாது. கருவாட்டு வாடை வீசும் வீட்டில் கௌரவம் குடியிருக்காது என்பது அவருடைய கொள்கை. முடி திருத்தப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய அவர் திரும்பி வந்ததும் எர்லிந்தாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்திட வேண்டும். இல்லையேல் இரண்டு வாரத்தில் அவள் நாடு திரும்ப வேண்டியதுதான். ஊரிலோ, புயல் பறித்த கூரைக்குப் பதில் புதுக்கூரை பாதிதான் ஏறியிருந்தது.

என்ன செய்வாள், பாவம்! ஆவியில் வெந்த கீரையையே தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. பூண்டுச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆசைப்பட்டுவிட்டாள்.

"எத்தனை வறுத்தே?"

"ரெண்டே ரெண்டு, அக்கா."

"ரெண்டுக்கா இந்தக் கூப்பாடு? வினிகரைக் கொதிக்க வை. வாடை ஓடிடும்."

கொதிக்க வைத்தாள். கருவாட்டு வாடை, கருவாட்டுக் குழம்பு வாடையாகப் பதவி உயர்வு பெற்றது.

"இன்னும் ஏறுது, அக்கா!"

"அப்போ காப்பித்தூளை வறு."

அது கருகியது. புகை கூடத்தை நிறைத்தது. மின்விசிறியை வாசல் பக்கம் திருப்பினாள். புகை நடைவழி வரை போய்ப் பார்த்துவிட்டு, இடம் பிடிக்காததுபோல் திரும்பி வந்தது. கடைசியில் மேடத்தின் விலையுயர்ந்த வாசனைத் திரவியத்தை எடுத்து அறை அறையாகத் தெளித்தாள்.

"இப்ப எப்படிடி இருக்கு?"

"கருவாட்டுக்குக் கல்யாணம் பண்ணி மாலை போட்ட மாதிரி இருக்கு!"

ரெமி சிரித்தாள். எர்லிந்தாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"சிரி, நல்லாச் சிரி! உன் யோசனையெல்லாம் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"கருவாட்டை வறுத்தது நீ. திட்டு மட்டும் எனக்கா?"

குளத்துச் சேற்றில் பதிந்த தன் கால்தடத்தை மறைக்க இறங்கிய நரி, குளத்தையே கலக்கிவிட்டுக் கரையேறிய கதைதான். சட்டியைத் தேய்த்தாள், திரைச்சீலைகளைக் கழற்றி ஊறப் போட்டாள், தலையையும் அலசினாள். வாடை மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் கனத்துக்கொண்டே இருந்தது. தின்று தீர்த்த மீன் எப்படி இன்னும் வறுபடுகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

"வந்துட்டாங்க, அக்கா!"

"கால்ல விழுந்துடு! அழுதா இளகுவாங்க!"

ஈரத்தலையோடு கதவைத் திறந்தாள். மேடம் இல்லை. தரைத்தளத்துக் காவலர், முதியவர் லியுங், மூக்கை உறிஞ்சியபடி நின்றிருந்தார். யாரோ புகார் செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிய எர்லிந்தா இரு கைகளையும் கூப்பினாள்.

"ஐயா, மேடத்துகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க! நான்தான்..."

லியுங் பதறிப்போய்ப் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ எதுக்கு என்னைக் கும்பிடறே, தங்கச்சி? உங்க மேடம்தான் ஒரு மணி நேரமா கீழே என் ரூம்ல கருவாடு வறுத்துக்கிட்டிருக்காங்க. உனக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமாம், மேல வரைக்கும் வாசனை வருதான்னு மோந்து பார்த்துட்டு வான்னு அனுப்பினாங்க!"