பிளக் அண்ணை பெட்டி அடுக்கிய கதை

மொன்றியலில் இருந்து ஐரோப்பாவுக்குப் போன தமிழர் எவரும் பிளக் அண்ணையிடம் தலையைக் காட்டாமல் விமானம் ஏறியதில்லை. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை அவருக்கு; எந்த நாட்டுக்கு எந்தப் பிளக் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. ஊரார் பெட்டியெல்லாம் ஏற்றிவிட்டவர், கனடாவில் வந்திறங்கிய நாளுக்குப் பிறகு தான் மட்டும் பறந்ததில்லை. அகதி வழக்கு இழுபட்டதில் கையில் பயணப் பத்திரம் இல்லை. ஒரே அக்கா சூரிச்சில் இருந்தா. பார்த்துப் பதினேழு வருசம்.

நானும் மனைவியும் லண்டனுக்கும் சுவிசுக்கும் புறப்பட்டபோது, கூப்பிடாமலே எங்கள் கார்ட்டியர்வில் வீட்டுக்கு வந்து பூட்டிய பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

“தங்கச்சி, லண்டன் பிளக்குக்கு மூண்டு தட்டைக் கால். சுவிசுக்கு மூண்டு உருண்டைக் கால். மாறிக் குத்திப்போட்டு என்னை ஏசப்படாது.”

“ஓம் அண்ணை.”

“லண்டனுக்குக் குடை, சுவிசுக்கு நல்ல சப்பாத்து. யூரோ கொண்டுபோகாதேங்கோ, ரெண்டு இடத்திலையும் தங்கடை தங்கடை காசுதான்.”

ஐந்து பட்டுச் சேலையில் மூன்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் குடையைச் செருகினார். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு தேநீர் ஊற்றினாள்.

அவருடைய புத்திமதியால் ஒரு சம்பந்தமே குழம்பப் பார்த்தது. சுவிசில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடப்படாது என்று இல்-பிசார் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அங்கே பெண் பார்க்கப் போன அவர்கள் ஞாயிறு முழுக்கக் குசுகுசுத்தார்கள். பெண் வீட்டார், இவைக்கு ஏதோ மனக்குறை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் சூரிச்சில் அவருடைய அக்கா வீட்டுக்கும் போய்த் திரும்பி வந்ததும் மூன்று மணி நேர விசாரணை. அக்கா வீட்டுக்கு எத்தனை படி, எந்த ஜன்னலால் வெயில் வரும், அக்கா இப்பவும் இடது கையால்தான் கோப்பை பிடிக்கிறாவோ? எங்கள் காலால் அந்த மனிதர்தான் சூரிச் போய்வந்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

ஒருவழியாக அவருக்கும் பத்திரம் வந்தது. வழியனுப்பப் போனோம். எல்லாருடைய பெட்டியையும் கிண்டியவரின் பெட்டி நிறை கூடிப்போய், வரிசைக்கு முன்னால் திறந்து கிடந்தது. உள்ளே அக்காவுக்கு ஆறு குளிர்ச்சட்டை, அதுவும் ஆடி மாதத்தில்!

உள்ளே போகும் நேரத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னண்ணை, ஏதும் மறந்திட்டியளோ?”

“இல்லை தம்பி. எனக்கு மயிரெல்லாம் கொட்டிப்போச்சு. அக்கா என்னை அடையாளம் கண்டுபிடிப்பாவோ?”

ஊருக்கே பதில் சொன்னவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தூரத்திலை கண்டே ஓடி வருவா, அண்ணை” என்றேன்.