சும்மா கிடந்த துணி

சும்மா இருப்பவர்களைக் கண்டால் இருபத்து மூன்று வயதில் எனக்கு ஆகவே ஆகாது. மனிதர்களோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை ஒரு துணியைப் பார்த்து, இது வேலை செய்யாமல் படுத்துக் கிடக்கிறது என்று முடிவுகட்டி, அதன்மீது நடவடிக்கையும் எடுத்தவன் நான்.

இரண்டாயிரங்களின் நடுவில், எம்.பி.ஏ. முடித்த கையோடு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். (தைத்தது டி-சர்ட், போனது வெளிநாட்டுக்கு. ஆனாலும் எங்கள் ஊரில் எல்லாமே பனியன் கம்பெனிதான்.) ஓர் ஆர்டருக்கு எந்தப் பிரிவு எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டு, கூட்டி, சரக்கு கிளம்பும் தேதிக்குள் அடக்குவது என் வேலை. கேட்பது சுலபம். பதில்தான் வராது. "ஆயிருமுங்க" என்பார்கள். எப்போது என்றால், "சீக்கிரம் ஆயிருமுங்க." விடாமல் நச்சரித்தால், "ரெண்டு நாளுங்க." அந்த இரண்டு நாளுக்கு, இன்றைக்கு இல்லை, நாளைக்கும் இல்லை என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது என்பது எனக்குப் பிடிபடவே ஆறு மாதம் ஆனது.

அந்த டிசம்பரில் ஓர் ஆர்டர், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் வண்டி ஏற வேண்டும். ஏறாமல் யாருக்கும் லீவு இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். மூன்று நிறப் பேனாவில் அட்டவணை போட்டேன். எப்படிக் கூட்டினாலும் ஒரு நாள் போதாமல் உதைத்தது.

அந்த ஒரு நாளால் அதிகம் கலங்கியவர் கட்டிங் மாஸ்டர் சேவியர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பிறந்து இரண்டு மாதமான மகளை அவர் இன்னும் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவளுக்கு ஞானஸ்நானம்.

"நான் இல்லாம நடந்துச்சுன்னா எம் மாமியாரு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாவ சார்."

எனக்குப் பாவமாக இருந்தது. எப்படியாவது அந்த ஒரு நாளைக் கண்டுபிடித்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று வெறியோடு அட்டவணையைத் துழாவினேன். சிக்கியது. 'துணி விரித்து வைத்தல்: 1 நாள்.'

"இது யாரு வேலை மாஸ்டர்?"

"யாரு வேலையும் இல்ல சார். துணி சும்மா கெடக்கும்."

"நாள் முழுக்கவா?"

"லைக்ரா கலந்த துணிலா, ரப்பர் மாதிரி இழுபடும். சாயப்பட்டறையில இழுத்துச் சுருட்டி அனுப்புதாங்க. பிரிச்சு ஒரு நாள் போட்டாத்தான் இளகி அது அளவுக்கு வரும்."

நான் சிரித்தேன். சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தேன். போகிற போக்கில், தையலுக்கு நடுவே அளவு பார்க்கும் அரை நாளையும் அடித்தேன். "கிறிஸ்துமஸுக்கு நீங்க ஊர்ல மாஸ்டர்" என்றேன்.

சேவியர் துணியைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். ஆசை ஜெயித்தது. ஆனாலும் மனிதர் விவரம்.

"கையெழுத்துப் போட்டுத் தாங்க சார். பொறவு நான் வெட்டிக் கெடுத்தேன்னு வரப்பிடாது."

போட்டுக் கொடுத்தேன். அடியில் ஒரு கோடும் இழுத்தேன். (அந்தக் கோடு தேவையே இல்லை.)

எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்த வேளையில், செக்கிங் பிரிவுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. முதலாளி ஒரு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க தம்பி, இது மீடியமுங்களா?"

"ஆமாங்க."

"நீங்களும் மீடியந்தானுங்க. போட்டுப் பாருங்க."

போட்டேன். இடுப்பு வரைக்கும் வந்து நின்றது.

"கையத் தூக்குங்க."

தூக்கினேன்.

"இன்னுங் கொஞ்சம் தூக்குங்க."

இருபது பெண்கள் பார்க்க என் தொப்புள் வெளியே வந்தது. ஒருவர் தையல் பிசிறு வெட்டும் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பிரித்த உடனே வெட்டிய துணி, வெட்டிய பிறகு சாவகாசமாக இளகிச் சுருங்கித் தன் அளவுக்கு வந்திருந்தது. ஆர்டர் முழுவதும் அப்படியே.

"துணி விரிச்சு வெக்கற நாளு எங்கீங்க போச்சு?"

"அது... சும்மா கெடந்துதுங்க. அதனால எடுத்துட்டனுங்க."

"சும்மா கெடந்துதுங்களா" என்றார் முதலாளி. கொங்கு நாட்டில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்றைக்கு அவர் என்னை அழைத்த மரியாதைக்குக் கலெக்டரே எழுந்து நின்றிருப்பார்.

சேவியர் என் கையெழுத்துள்ள தாளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மடித்த இடம் கசங்காமல் வைத்திருந்தார்.

புதுத் துணி சாயம் ஏறி வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். வெட்டத் துணி இல்லாத கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு என்ன வேலை? சேவியர் அன்றைக்கே பஸ் ஏறினார். ஒரு நாள் தருவதாகச் சொன்னவன் பத்து நாளாகக் கொடுத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்து, "உங்க உபகாரத்த மறக்க மாட்டேன் சார்" என்றார். கிண்டலா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கப்பலில் போக வேண்டிய சரக்கு பிற்பாடு முதலாளி செலவில் விமானத்தில் போனது.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார் முதலாளி. புதுத் துணி வந்ததும் மேசையில் விரித்து, சாக்பீஸால் ஒரு மீட்டருக்குக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட்டார்.

"பொழுதுக்கும் உக்காந்து, அது என்ன பண்ணுதுன்னு மணிக்கு ஒருக்கா எழுதிக் குடுங்க தம்பி."

மணி ஒன்பது: ஒன்றும் நடக்கவில்லை. மணி பத்து: ஒன்றும் நடக்கவில்லை. போகிற வருகிற டெய்லர்கள் எல்லாம் குனிந்து படித்துவிட்டுப் போனார்கள். மூன்று மணிக்கு நான் தூங்கியிருக்கிறேன். சாயங்காலம் முதலாளி டேப்பை வைத்து அளந்தார். கோடு இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. சும்மா கிடந்த துணி தன் வேலையை முடித்துவிட்டது. சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான்.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னது என் இரண்டாவது தவறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசந்தால் போதும். "அப்பாவ எழுப்பாத கண்ணு. விரிச்சுப் போட்டிருக்குது, நாளைக்கு வெட்டிக்கலாம்" என்பாள். மகள் மணிக்கு ஒருமுறை வந்து என் காதருகில் உரக்க அறிவிப்பாள்: "மணி மூணு. ஒண்ணும் நடக்கலைங்க!"

போன வாரம் டேப்போடு வந்துவிட்டாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. இடுப்பைச் சுற்றி அளந்துவிட்டு, சமையலறையைப் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா, இந்தத் துணி குறையவே இல்ல. ரெண்டு விரக்கடை கூடியிருக்குது!"